“இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா?” - இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சையும் அதன் பலன்களும்

ஃபஜ்ருக்கு ஒளு செய்ய எழுந்த உம்மா, குளியலறை வாசலில் ஈரத்தில் கால் வழுக்கி விழுகிறார். எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கால் சற்றுக் குட்டையாகத் தெரிகிறது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. பிள்ளைகள் தூக்கிக் கட்டிலில் படுக்க வைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டார் வந்துவிடுகிறார்கள், ஜமாஅத் பெரியவர் ஒருவர் வருகிறார், துபாயில் இருக்கும் மூத்த மகன் வீடியோ காலில் வருகிறார். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “78 வயசு. சுகர் வேற இருக்கு. இந்த வயசுல ஆபரேஷன் தாங்குவாங்களா?”

சங்கரன்கோவிலிலும் புளியங்குடி, கடையநல்லூர் பக்கமும் இந்தக் காட்சியைப் பார்க்காத குடும்பம் குறைவு. கேட்பவர்கள் பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அது பாதிக் கேள்விதான். ஆபரேஷன் செய்யாமல் போட்டால் தாங்குவாரா என்ற மறுபாதியை யாரும் கேட்பதில்லை. இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சையில் என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காது, யாருக்கு எவ்வளவு என்பதை உலக அளவில் செய்யப்பட்ட ஆய்வுகளை வைத்தும், நம் ஊர் நிலைமையை வைத்தும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

வலி எங்கே, நோய் எங்கே?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் ‘இடுப்பு வலி’ என்று சொல்வது பெரும்பாலும் முதுகின் கீழ்ப்பகுதி வலியைத்தான். மருத்துவர்கள் இடுப்பு மூட்டு என்று சொல்வது வேறு. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் உட்கார்ந்து சுழலும் இடம் அது. பள்ளிக்கூடத்தில் பந்துக் கிண்ண மூட்டு என்று படித்திருப்போம். இந்த மூட்டு கெட்டால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் வரும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே வரும். அதனால்தான் சிலர் ஆறு மாதம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, கடைசியில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்போது விஷயம் தெரிகிறது. தொடை இடுக்கில் வலி, சம்மணம் போட்டு உட்காரும்போது ஒரு கால் மட்டும் மடங்க மறுப்பது, செருப்பு மாட்டக் குனிய முடியாமல் போவது ஆகியவை இருந்தால் இடுப்பு மூட்டைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இந்த மூட்டில் அறுவை சிகிச்சை தேவைப்படும் காரணங்கள் பல. ஆனாலும் வீட்டில் முடிவெடுக்க வேண்டிய நிலைமைகள் இரண்டுதான். ஒன்று, விழுந்து எலும்பு முறிவது. அங்கே முடிவு மணிக்கணக்கில் எடுக்கப்பட வேண்டும். மற்றொன்று, மூட்டு மெல்ல மெல்லத் தேய்வது அல்லது அழுகுவது. அங்கே யோசிக்க நேரம் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, “அவங்க மாமியாருக்குச் செஞ்சு நல்லாயிட்டாங்க, இவருக்குச் செஞ்சு மவுத்தாயிட்டார்” என்று பேசுவதால்தான் பயமும் வருகிறது, பொய்யான நம்பிக்கையும் வருகிறது.

விழுந்து முறிந்தால்

கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போட்டு ஆறு வாரத்தில் கூடிவிடுகிறது. நாட்டுக் கட்டிலும் பல முறிவுகள் கூடியிருக்கின்றன. அதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இடுப்புக்கும் ஒரு கட்டுப் போட்டு மூன்று மாதம் படுக்க வைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. புத்தூர் கட்டு என்ற பலகை இல்லாத ஊர் ஏது?

ஆனால் தொடை எலும்பின் கழுத்து கை எலும்பைப் போன்றது அல்ல. அது சதைக்குள் வெகு ஆழத்தில் இருக்கிறது. உடம்பிலேயே பலமான தசைகள் அதைச் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து எந்தக் கட்டு போட்டாலும் முறிந்த முனைகளை அசையாமல் நிறுத்த முடியாது. அதைவிட முக்கியம், எலும்பின் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகும்போது அந்தக் குழாய்களும் அறுபடுகின்றன. ரத்தம் போகாத எலும்பு எப்படிக் கூடும்? கழுத்துக்குக் கீழே முறிந்தால் ரத்தம் உண்டு, கூடவும் கூடும். ஆனால் கோணலாக, குட்டையாக, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து கூடும்.

அந்தப் படுக்கைதான் ஆபத்து. வயதானவர் அசையாமல் மல்லாந்து கிடந்தால் நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வருகிறது. முதுகுக்குக் கீழே புண் விழுகிறது. சிறுநீரில் கிருமி வருகிறது. காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கிறது. கடைசியில் மூச்சுத்திணறல் என்றோ மாரடைப்பு என்றோ சொல்கிறோம். “விழுந்து படுத்தவங்கதான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை” என்று ஜனாஸா வீட்டில் பேசிக்கொள்வதும் இதைத்தான்.

அப்படியானால் ஆபரேஷன் செய்தால் எல்லோரும் பிழைத்து ஓடுகிறார்களா? இல்லை. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளிலேயே, இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் 100-க்கு 20 முதல் 30 பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். பிழைத்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் விழுவதற்கு முன்பிருந்த நடையை முழுதாகத் திரும்பப் பெறுவதில்லை. கம்பில்லாமல் நடந்தவர் கம்பு பிடிக்கிறார், கம்புடன் நடந்தவர் வாக்கர் பிடிக்கிறார். இதற்குப் பெருமளவு காரணம் கத்தி அல்ல. அந்த வயதில் எலும்பு முறிகிற அளவுக்கு உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருப்பதும், இதயம், சிறுநீரகம், நுரையீரல் ஆகியவற்றில் முன்பே இருந்த நோய்களும்தான்.

ஆகவே ஆபரேஷனின் பலனை “பழையபடி ஆனாரா?” என்று மட்டும் அளக்கக் கூடாது. வலியில்லாமல் புரண்டு படுக்கிறாரா, மறுநாளே எழுந்து உட்கார்கிறாரா, பிறர் துணையோடாவது கழிப்பறைக்குப் போகிறாரா என்று அளக்க வேண்டும். அந்த அளவுகோலில் பார்த்தால் ஆபரேஷன் செய்வதற்கும் படுக்கையில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஏற்கெனவே நடக்காதவருக்குக்கூட வலியைப் போக்குவதற்காக இதைச் செய்வதுண்டு. மிகச் சிலருக்கு, உயிர் ஊசலாடும் நிலையில் இருப்பவர்களுக்கு, மருத்துவரே வேண்டாம் என்பார். அது கைவிடுவதாகாது.

அடுத்தது நேரம். பிரிட்டனில் 2007-ல் இடுப்பு முறிவுக்கென்றே ஒரு தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். முறிந்து வந்த ஒவ்வொருவருக்கும் எத்தனை மணி நேரத்தில் ஆபரேஷன் நடந்தது, முதியோர் மருத்துவர் பார்த்தாரா, பிறகு என்ன ஆனார் என்றெல்லாம் எழுதிவைத்தார்கள். 36 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து, முதியோர் மருத்துவரும் சேர்ந்து கவனித்தால் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் என்று 2010-ல் அரசு அறிவித்தது. 2007-ல் 30 நாட்களுக்குள் 100-க்கு ஏறத்தாழ 11 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். 2011-ல் அது எட்டரையாகக் குறைந்தது. புது மருந்தோ புதுக் கருவியோ அதற்குக் காரணம் அல்ல. சீக்கிரம் செய்ததும், சேர்ந்து கவனித்ததும்தான்.

சீக்கிரம் என்றால் எவ்வளவு சீக்கிரம்? இதைச் சோதிக்க 17 நாடுகளில் 2,970 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவும் அதில் உண்டு. 2020-ல் வெளியான அதன் முடிவு சுவையானது. நோய் கண்டறிந்து சுமார் 6 மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தவர்களுக்கும், சுமார் 24 மணி நேரத்தில் செய்தவர்களுக்கும் இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. முந்தியவர்கள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள், புத்தித் தடுமாற்றமும் சிறுநீர்க் கிருமியும் குறைவாக வந்தன. ஆக, நடு இரவில் பதறியடித்துச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் தள்ளிப்போடவும் கூடாது. “சுகர் குறையட்டும், பெரியவன் சவூதியிலிருந்து வரட்டும், வெள்ளிக்கிழமை கழியட்டும்” என்று நாம் சேர்க்கும் நாட்கள்தான் உம்மாவின் கணக்கில் கழிகின்றன. சர்க்கரையை மருத்துவமனையில் ஒரே நாளில் இறக்கிவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரானால், அந்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், காத்திருக்கவே வேண்டாமா என்பதை மயக்க மருந்து மருத்துவர் சொல்வார்.

சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 60 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கிறது. தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனை இன்னும் பக்கம். மதுரை ராஜாஜி மருத்துவமனை 100 கிலோமீட்டருக்கு மேல். தூரம் பெரிய தடையில்லை. விழுந்தவரை ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுபோவதுதான் கொடுமை. 108-ஐக் கூப்பிட்டு, கால்களுக்கு இடையில் தலையணை வைத்துக் கட்டி, படுத்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டும்.

எந்த ஆபரேஷன் என்பது முறிந்த இடத்தைப் பொறுத்தது. கழுத்து முறிந்து விலகிய முதியவருக்கு, ரத்தமிழந்த தலையை எடுத்துவிட்டு உலோகத் தலையைப் பொருத்துகிறார்கள். பாதி மூட்டு மாற்று என்பது இதுதான். கிண்ணத்தையும் சேர்த்து மாற்றினால் முழு மூட்டு மாற்று. “முழுசாப் போட்டாத்தான் நல்லது, பாதி ஏழைகளுக்குப் போடுறது” என்று ஒரு பேச்சு உண்டு. 50 வயதுக்கு மேற்பட்ட 1,495 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-ல் வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் இரு பக்கமும் 100-க்கு 8 பேர் அளவில்தான் இருந்தார்கள். வீட்டுக்குள் நடமாடும் 80 வயது உம்மாவுக்குப் பாதி மூட்டு குறைந்த வைத்தியமல்ல. கழுத்துக்குக் கீழே முறிந்தால் மூட்டை மாற்றாமல் உள்ளே கம்பியோ தகடோ வைத்துத் திருகி நிறுத்துவார்கள்.

முதுகில் ஊசி போட்டால் காலம் முழுக்க முதுகுவலி என்ற பயத்தையும் இங்கே சொல்லிவிடுவோம். முதுகு ஊசியையும் முழு மயக்கத்தையும் இடுப்பு முறிவு நோயாளிகள் 1,600 பேரிடம் ஒப்பிட்டு 2021-ல் முடிவு வந்தது. இறப்பிலும் நடையிலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் விட்டுவிடலாம். இதற்காக வாசலில் நின்று வாதாட வேண்டாம்.

தேய்ந்த மூட்டுக்கு

இங்கே கதையே வேறு. மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம் போன்றவற்றால் ஆண்டுக்கணக்கில் வலியில் நொந்தவருக்குச் செய்யும் முழு இடுப்பு மூட்டு மாற்று, நவீன மருத்துவத்தில் மிக நல்ல பலன் தரும் அறுவை சிகிச்சைகளில் ஒன்று. லான்செட் மருத்துவ இதழில் 2007-ல் வந்த கட்டுரை ஒன்று இதற்கு ‘நூற்றாண்டின் அறுவை சிகிச்சை’ என்றே தலைப்புக் கொடுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்ததில், ஆபரேஷன் முடிந்த 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 2003-ல் 1,000-க்கு 6 பேர், 2011-ல் 3 பேர். விழுந்து முறிந்தவர்களின் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வெட்டுகிற இடம் ஒன்றுதான், ஆனால் படுக்கிறவரின் உடல்நிலை வேறு.

பொருத்திய மூட்டு எவ்வளவு காலம் உழைக்கும்? ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்து 2019-ல் கணக்கிட்டார்கள். 15 ஆண்டுகளில் 100-க்கு 89 மூட்டுகள் அப்படியே இருந்தன. 20 ஆண்டுகளில் 70, 25 ஆண்டுகளில் 58. இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. 25 ஆண்டுகளுக்கு முன் போட்ட மூட்டுகள் அன்றைய பொருளால் ஆனவை. இன்றைய பிளாஸ்டிக் கிண்ணம் அதைவிடக் குறைவாகத்தான் தேய்கிறது.

இந்த ஆபரேஷன் ஒரே நாளில் இப்படி ஆகிவிடவில்லை. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் முதலில் கிண்ணத்துக்கு டெஃப்லான் பயன்படுத்தினார். இன்று தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருள்தான். ஆரம்பத்தில் நோயாளிகள் துள்ளி நடந்தார்கள். சில ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்து, அந்தத் துகள்கள் எலும்பை அரித்து, ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அந்தப் பொருளைத் தன் தொடைக்குள்ளேயே செலுத்தி உடம்பு என்ன செய்கிறது என்று அவர் பார்த்தார். 1962 நவம்பரில் வேறு வகைப் பிளாஸ்டிக்குக்கு மாறினார். இன்றைய மூட்டு மாற்று அங்கிருந்துதான் வருகிறது. முதல் வருடம் நன்றாக நடப்பதை வைத்து ஒரு மூட்டை நல்லது என்று சொல்ல முடியாது என்பதை மருத்துவ உலகம் அப்போதே பார்த்தது. பிறகு மறந்தது.

மறந்ததன் விலையை இந்தியர்களும் கொடுத்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தைச் சேர்ந்த டிப்யூ, உலோகத் தலையும் உலோகக் கிண்ணமும் உரசும் ‘ஏ.எஸ்.ஆர்.’ என்ற மூட்டை விற்றது. உரசலில் கோபால்ட், குரோமியம் துகள்கள் ரத்தத்தில் கலந்தன, சுற்றியுள்ள சதை கெட்டது. ஐந்தே ஆண்டுகளில் 100-க்கு 12, 13 பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படுகிறது என்று பிரிட்டன் பதிவேடு காட்டிக் கொடுத்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அது பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2018-ல் அறிக்கை தந்தது. குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஆனால் பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலானோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. நம் நாட்டில் பதிவேடு ஒழுங்காக இல்லை, தங்கள் உடம்பில் இருப்பது எந்த மூட்டு என்று பலருக்குத் தெரியவும் தெரியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். மூட்டு வந்த பெட்டியில் நிறுவனப் பெயர், அளவு, தொகுப்பு எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அதன் ஒரு பிரதியை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். தந்ததைப் போனில் படம் எடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு மூலத்தையும் வைத்துவிடுங்கள். நிலத்துக்கு வைத்திருக்கும் கவனத்தில் பாதியாவது உடம்புக்குள் இருக்கும் பொருளுக்கு வேண்டாமா?

இளைஞர்களுக்கு வரும் இடுப்பு நோய்

முப்பது, நாற்பது வயதிலேயே தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பு செத்து, உள்ளுக்குள் நொறுங்கும் நோய் ஒன்று உண்டு. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த தம்பி, தொடை இடுக்கில் வலி என்று நொண்டிக்கொண்டு வந்தால் இதையும் நினைக்க வேண்டும். பழைய விபத்து, குடிப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்து ஆகியவை முக்கியக் காரணங்கள். கொரோனா காலத்தில் ஸ்டீராய்டு எடுத்த மூவருக்கு இந்த நோய் வந்ததை மும்பை இந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். மருத்துவர் கணக்கிட்டுத் தரும் ஸ்டீராய்டு உயிர் காக்கும், அதைப் பயந்து நிறுத்தக் கூடாது. பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் “மூட்டுவலிப் பொடி”தான் பயப்பட வேண்டியது. அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. சாப்பிட்ட மூன்றாம் நாளே வலி மாயமாகிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். தலை நொறுங்கும் முன் கண்டால் எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்து மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம். எல்லோருக்கும் பலிப்பதில்லை, நொறுங்கிய பிறகு செய்தால் பலன் மிகக் குறைவு. பிறகு மூட்டு மாற்றுதான். அங்கே வயது குறுக்கே நிற்கிறது. 70 வயதுக்கு மேல் மூட்டு மாற்றியவருக்கு வாழ்நாளில் அதை மறுபடி மாற்ற வேண்டிவரும் வாய்ப்பு 100-க்கு 5 அளவில்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஆணுக்கு அது பல மடங்கு அதிகம் என்று 2017-ல் லான்செட்டில் வந்த பிரிட்டன் ஆய்வு சொல்கிறது. முப்பத்தைந்து வயதுத் தம்பிக்கு இன்னும் கூடும் என்றே எதிர்பார்க்க வேண்டும். அதற்காக எழுந்து நடக்க முடியாத வலியோடு வேலையை இழந்து பத்து வருடம் காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமல்ல. இரண்டாவது ஆபரேஷன் ஒன்று வரலாம் என்று தெரிந்தே முடிவெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு

நாம் பார்த்த வரையில், பலன் கைநழுவுவது பெரும்பாலும் இங்கேதான். ரத்தம் வேண்டும் என்றால் பத்து இளைஞர்கள் நள்ளிரவில் வந்து நிற்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தரட்டும். மூன்றாம் வாரத்தில் உம்மாவை வாக்கரோடு முற்றத்தில் நடத்திக் காட்ட ஓர் ஆள் கிடைப்பதில்லை. “பாவம், வலிக்குது, படுத்திருக்கட்டும்” என்று மருமகள் சொன்னால் ஊர் அவளைப் பாராட்டுகிறது. நடக்கச் சொன்னால் கொடுமைக்காரி ஆகிறாள். ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுந்து நிற்கச் சொல்வதுதான் இன்றைய நடைமுறை. இயன்முறை மருத்துவர் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியைப் போனில் படம் பிடித்து வந்து, வீட்டில் தினமும் செய்ய வைக்க வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

முதல் சில நாட்களில் சில முதியவர்கள் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், மவுத்தானவர்களைக் கூப்பிடுவார்கள், ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள். குடும்பம் கலங்கிவிடும். ஜின் என்பார் ஒருவர், மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது என்பார் இன்னொருவர். இந்த வயதில் இடுப்பு முறிவுக்குப் பின் அடிக்கடி வருகிற புத்தித் தடுமாற்றம் இது. வலி, தூக்கமின்மை, உப்புச் சத்துக் குறைவு, சிறுநீர்க் கிருமி, மலச்சிக்கல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும், அதோடு அவருடைய கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மாட்டிவிட்டு, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும்.

தொழுகையைப் பற்றித்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பார்கள். பின்பக்கமாகத் திறந்து மூட்டு வைத்திருந்தால், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, கால் மேல் கால் போடுவது, காலை உள்பக்கம் திருப்புவது ஆகியவற்றால் மூட்டு குழியிலிருந்து நழுவலாம். முதல் மூன்று மாதம்தான் இந்த ஆபத்து அதிகம். சஜ்தா, இருப்பு, இந்தியக் கழிப்பறை, தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவது, பூ மார்க்கெட்டுக்காகத் தரையில் குத்தவைத்துப் பூக்கட்டுவது எல்லாம் இதில் அடங்கும். அதற்குப் பிறகு எதுவரை அனுமதி என்பது வைத்த மூட்டையும் வைத்த முறையையும் பொறுத்து மருத்துவர் சொல்ல வேண்டியது. வெட்கப்படாமல் செய்து காட்டியே கேளுங்கள். “தொழலாமா?” என்று கேட்டால் மருத்துவர் தலையாட்டிவிடுவார். சஜ்தாவில் இடுப்பு எவ்வளவு மடங்கும் என்று அவருக்குத் தெரியாமலிருக்கலாம். நோயுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும் அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி புகாரியில் இருக்கிறது. நாற்காலியில் தொழுவதை இழுக்காக நினைத்து, யாரும் பார்க்காதபோது தரையில் இறங்கி மூட்டை நழுவவிடும் பெரியவர்களிடம் இதை நினைவூட்டலாம். உம்ராவுக்குப் போக நினைப்பவர்கள் ஆபரேஷன் முடிந்து முதல் மூன்று மாதம் நீண்ட விமானப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. ரத்தம் உறையும் ஆபத்து அப்போது அதிகம்.

எலும்பு மருந்தை யாரும் நினைப்பதில்லை. நின்ற இடத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது என்றாலே எலும்பு பலமிழந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறிவு மறுபக்கத்தில் காத்திருக்கிறது. இடுப்பு முறிவு ஆபரேஷனுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஜோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றியவர்களை 2007-ல் ஆய்ந்தபோது, புது முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்திருந்தன. சிறுநீரகம் சரியாக இருந்தால், வைட்டமின் டி, கால்சியம் அளவைப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். தையல் பிரிக்கப் போகும் நாளில் “எலும்பு பலத்துக்கு மருந்து உண்டா?” என்று நாமே கேட்க வேண்டியிருக்கிறது.

செலவும் அட்டையும்

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் துண்டு விரித்துப் பணம் சேர்ப்பதும், நகையை அடகு வைப்பதும் நாம் அடிக்கடி காண்பது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. இடுப்பு மூட்டு மாற்றும் அதில் வருகிறது. எந்த மருத்துவமனையில் எந்த ஆபரேஷனுக்குப் பொருந்தும் என்பதை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் சேரும்போதே கேட்டுவிட வேண்டும். சிக்கல் என்னவென்றால், அட்டை இல்லாமல் வந்து, உம்மாவை வார்டில் போட்டுவிட்டு, வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி மகன் அலைவதுதான். அதில் மூன்று நாள் போய்விடுகிறது. 36 மணி நேரக் கணக்கை மேலே பார்த்தோம். வீட்டில் 60 வயதைக் கடந்தவர் இருந்தால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் இப்போதே எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய்ப் பதிந்துவிடலாம்.

போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு கைப்பிடிக் கம்பியும், இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கு ஒன்றும் வாங்கி வாருங்கள். கம்பியைக் கழிப்பறைச் சுவரில் நெஞ்சு உயரத்தில் அல்ல, உட்கார்ந்து எழும்போது கை எட்டும் உயரத்தில் பதிக்க வேண்டும். விளக்கு, கட்டிலுக்கும் ஒளு செய்யும் இடத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும்.